டீஃபன்பேக்கரின் பெருமை கோர்ட்டிலா, பார்லிமென்ட்டிலா? கோர்ட் அணி உரை

நடுவர் அவர்களுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், வந்திருக்கற உங்க எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எனக்கு முன்னாடி பேசின தம்பி, ஜான் டீஃபன்பேக்கர் 1958-ல 265 சீட்ல 208 சீட் ஜெயிச்ச கனடா பிரதமர்னு சொன்னார், உண்மை, 1960-ல உரிமைகள் சட்டம் கொண்டுவந்தவர்னு சொன்னார், அதுவும் உண்மை. அதோட உட்கார்ந்திருக்கலாம். போற போக்குல ஒண்ணு வீசிட்டுப் போனார் பாருங்க, "ஜான் டீஃபன்பேக்கருக்கு வக்கீல் தொழில் வெறும் பஸ் ஸ்டாண்டு, பார்லிமென்ட் பஸ் வர்ற வரைக்கும் நின்னுட்டிருந்தார்"னு. நீங்களும் கை தட்டிட்டீங்க!

தம்பி, அவர் 1919-ல கனடாவோட சஸ்காச்சுவான் மாகாணத்துல வாக்காங்கற சின்ன ஊர்ல வக்கீல் போர்டு மாட்டுனவர். எம்.பி. ஆனது 1940-ல. இருபத்தியொரு வருஷம் ஒரு மனுஷன் பஸ் ஸ்டாண்டுல நிப்பானா? அதுவும் சும்மா நின்னாரா? முதல் வருஷமே ஜூரி முன்னாடி 62 வழக்கு. வாக்கால ஏற்கனவே வேற வக்கீல் இருக்கார், சுத்தி உக்ரைன்ல இருந்து வந்தவங்க, பிரெஞ்சுக்காரங்க, ஹங்கேரிக்காரங்கன்னு கோதுமை விதைச்சுப் பொழைக்கிற ஜனங்க, இங்கிலீஷ் சரியா வராது, கோர்ட்னாலே பயம். அவங்களுக்காகத்தான் இந்த ஆள் நின்னார். 1922-ல பிரெஞ்சுல பாடம் நடத்த விட்டாங்கன்னு ரெண்டு ஸ்கூல் டிரஸ்டிகளுக்குத் தண்டனை குடுத்துட்டாங்க, அப்பீல்ல போய் ஜெயிச்சுக் குடுத்தார். அந்த மாகாணத்துல அன்னிக்கு பிரெஞ்சுக்காரங்க பக்கம் நின்னா ஓட்டு கூடாது, இருக்கிறதும் போகும். பஸ்ஸுக்குக் காத்திருக்கறவன் செய்யற வேலையா இது?

எலெக்‌ஷன்ல தோத்துட்டே இருந்தாரேன்னும் கேட்டீங்க. ஆமா, தோத்தார், 1925, 1926, 1929, 1938, நடுவுல 1933-ல பிரின்ஸ் ஆல்பர்ட் மேயர் தேர்தல்லயும் தோத்தார். ஒவ்வொரு தடவை தோத்ததும் திரும்பிப் போனது எங்க? கோர்ட்டுக்கு! நாடு வேண்டாம்னு சொன்னப்பல்லாம் அவரை வேணும்னு சொன்னது கட்சிக்காரங்கதான். அரசியல் கட்சி இல்லங்க, கேஸ் கட்டைத் தூக்கிட்டு வர்ற கட்சிக்காரங்க.

இப்ப நான் சொல்லப்போறதை நல்லா கேளுங்க. தம்பி சொன்ன அந்த பஸ் வந்துடுச்சு, ஏறிட்டார், சீட்டும் கிடைச்சுடுச்சு, பத்து வருஷமா எம்.பி. அப்புறமும் ஒரு பையனுக்காக பஸ்ஸை விட்டு இறங்குனார்!

1950 நவம்பர் 21. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைல கனூ ரிவர் பக்கம், கொரியா போருக்குப் போற சிப்பாய்ங்க ட்ரெயினும் எதிர்ல வந்த பாசஞ்சர் ட்ரெயினும் நேருக்கு நேர் மோதுச்சு. 21 பேர் செத்தாங்க, 17 பேர் சிப்பாய்ங்க. பழி யார் மேல? ஜாக் ஆதர்ட்டன், ரயில்வே தந்தி ஆபரேட்டர், வயசு 22. சிப்பாய்ங்க ட்ரெயினுக்கு அவன் எழுதிக் குடுத்த ஆர்டர்ல எந்த ஸ்டேஷன்ல நிக்கணும்ங்கற வார்த்தை விட்டுப்போச்சாம். அவன் மேல மரணத்துக்குக் காரணமானவன்னு கேஸ்.

டீஃபன்பேக்கர் முதல்ல முடியாதுன்னுட்டார். அந்த மாகாணத்துல வாதாட அவருக்கு லைசென்ஸே கிடையாது. அப்புறம் 1,500 டாலர் கட்டி, பரீட்சையும் பாஸ் பண்ணி வாங்கினார். 1951 மே, பிரின்ஸ் ஜார்ஜ் கோர்ட். அவனுக்கு ஆர்டர் வந்த தந்திக் கம்பில முன்னாடி ஒரு தடவை ஒரு பறவை மீனைப் போட்டு லைனே கொஞ்ச நேரம் கட் ஆன கதையை எடுத்து விட்டார், அப்ப இந்த வார்த்தையும் லைன்லயே தொலைஞ்சிருக்கலாமேன்னார். அதுக்கப்புறம் ரயில்வே அதிகாரியைக் கூண்டுல வெச்சு, சிப்பாய்ங்களை ஏன்யா மரப்பெட்டில ஏத்தி, முன்னாடியும் பின்னாடியும் இரும்புப் பெட்டி மாட்டுனீங்க, கொரியாவுல என்ன கஷ்டம் வந்தாலும் கனடாவுல இதைவிட மோசமா பாத்தோம்னு சொல்லிக்கவான்னு கேட்டார். அரசு வக்கீல் கர்னல் பெப்லருக்குத் தாங்கல. எழுந்து, இந்த வழக்கு கொரியாவுக்குப் போன சில சாதா சிப்பாய்ங்க செத்ததைப் பத்தினது இல்லைன்னுட்டார்.

என்ன சொன்னார்? சிப்பாய்ங்க செத்ததைப் பத்தினது இல்லையாம்! செத்ததுல 17 பேர் சிப்பாய்ங்க! சொல்றவர் யாரு? கர்னல்! விடுவாரா நம்மாளு? "ஓ, கர்னல்!" அவ்வளவுதான். ஒரு பக்கம் எழுதி வெச்சுப் படிக்கல, சட்டப் புத்தகம் புரட்டல. "ஓ, கர்னல்!"னு ஒரு குரல், ஜூரி நிமிர்ந்து உட்கார்ந்துடுச்சு. அதுக்கப்புறம் கர்னல் என்ன வாதம் வெச்சாலும் ஜூரி காதுல அந்த ஒரு வாக்கியம்தான் நின்னிருக்கும். பையன் குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு. தம்பி, 208 சீட்டையும் ஒரு தட்டுல வைங்க, இந்த ஒரு குரலை இன்னொரு தட்டுல வைங்க, எது எறங்குதுன்னு பாப்போம்!

முதல்ல முடியாதுன்னவர் ஏன் ஒத்துக்கிட்டார்னு நான் இன்னும் சொல்லல நடுவர் அவர்களே. அந்த நேரத்துல அவர் மனைவி எட்னா ரத்தப் புற்றுநோயோட ஆஸ்பத்திரியில. பையனோட அப்பா நேரா அந்தம்மா படுக்கைக்குப் போய் அழுதிருக்கார். புருஷன் வந்ததும் அந்தம்மா கேட்டது மருந்து இல்ல, பக்கத்துல இருங்கன்னும் கேக்கல, அந்தப் பையன் கேஸை எடுங்கன்னுதான் கேட்டாங்க. சத்தியம் பண்ணிக் குடுத்தார். பிப்ரவரியில எட்னா போயிட்டாங்க. மூணு மாசம்தான் ஆச்சு நடுவர் அவர்களே, மனைவியைப் பறிகொடுத்த மனுஷன் கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு யாரோ பெத்த பிள்ளைக்காக கோர்ட்ல நிக்கிறார், யார் கிட்ட குடுத்த வாக்கு அது!

அவர் பிரதமரா பெரியவரா வக்கீலா பெரியவரான்னு எங்க ரெண்டு அணியையும் கேக்காதீங்க. ஆஸ்பத்திரி படுக்கை பக்கத்துல நின்னு அழுதாரே அந்த அப்பா, அவரை மனசுல நிறுத்தி வெச்சுக்கிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.