விதைநெல்லில் பங்கசு: வயலில் பாதி, சாக்கில் பாதி

[திரையில்: உள்ளங்கையில் இரண்டு நெல்மணிகள். ஒன்று பொன்னிறம், மற்றதில் கபிலப் புள்ளிகள்.]

இதில் எது முளைக்காது? புள்ளி விழுந்ததைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். பொன்னிற மணிக்குள்ளேயும் முளை செத்துக் கிடக்கலாம். புள்ளி வந்தது வயலில். முளை சாவது பெரும்பாலும் சாக்கில்.

யாழ்ப்பாணத்தில் காலபோகம், அதாவது மாரிப் பருவ நெற்செய்கை, மழையை நம்பிய மானாவாரி. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த மூன்றரை மாத நெல் மார்கழியை ஒட்டிப் பூக்கும். மழை விடாத நேரம். பூக்கையில் உமி சிறிது நேரம் திறந்து மூடும். அந்த ஈரத்தில் பங்கசு, அதாவது பூஞ்சணத்தின் வித்திகள் உள்ளே போய்விடும். கபிலப்புள்ளி நோய் இப்படித்தான் மணிக்குள் இறங்குகிறது. மாச்சத்து நிரம்பாது, மணி எடை குறையும். அந்த மணியை விதைத்தால் முளைக்குருத்து கபிலமாகிக் கருகும். பொட்டாசு குறைந்த மணல் நிலத்தில் இது அதிகம். எரிபந்தம் என்ற இன்னொரு பங்கசு நோய் கதிரின் கழுத்தில் விழுந்தால் மேலே உள்ளதெல்லாம் பதர். மணி உருண்டையாக வீங்கும் நெற்பழ நோயைக் கண்டால் பிந்திப் போட்ட யூரியாவையும் சந்தேகியுங்கள்.

[திரையில்: மஞ்சள் உருண்டையான நெற்பழம், அடுத்து, அது கரும்பச்சையாக மாறிய கதிர்.]

ஆகவே விதைக்கென்று வயலின் ஒரு துண்டை வெட்டுக்கு முன்னமே ஒதுக்குங்கள். மேட்டுப் பக்கம், சாயாத பயிர், நோயில்லாத கதிர். வெட்டிய பிறகு குவியலில் இருந்து பொறுக்குவது வீண் வேலை.

அடுத்தது ஈரப்பதன். மழைக்குள் மெஷினால் வெட்டிய நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். ஓர் இரவு குவித்து வைத்தாலே சூடேறும். அன்றே படங்கில் மெல்லிய படையாகப் பரப்பி, அடிக்கடி கிளறுங்கள். தார் ரோட்டில் உச்சிவெயிலில் காயவைத்த நெல் சோற்றுக்கு உதவும், விதைக்கு வேண்டாம். சூடே முளையைக் கொல்லும்.

13 வீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சாக்கு. அதற்கு மேல் என்றால் களஞ்சியப் பங்கசு பெருகும். அது முதலில் தின்பது எண்ணெய்ச்சத்துள்ள முளையை. மிச்ச மணி அப்படியே இருக்கும், அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகையில், சுவரிலிருந்து விலக்கி அடுக்குங்கள்.

[திரையில்: ஈரத் துணியில் வரிசையாக நெல்மணிகள்.]

முளைதிறன் பார்க்க, பல சாக்குகளிலிருந்தும் கலந்து எடுத்த 100 மணியை ஈரத்துணியில் சுற்றி, காயவிடாமல் ஏழு நாள் வையுங்கள். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணுங்கள். கருகியது, வேரில்லாமல் நீண்டது, பூஞ்சணம் மூடியது கணக்கில் இல்லை. வெட்டிய கையோடு சோதித்தால் உறக்கத்தில் இருக்கும் நல்ல விதையும் முளைக்காது. விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் பாருங்கள். 85 முளைத்தால் ஏக்கருக்கு வழக்கமான இரண்டு புசல், ஏறத்தாழ 40 கிலோ போதும். 70 என்றால் கணக்குப்படி 49 கிலோ வரும். ஆனால் கூட்டிப் போடுவது நோயையும் கூட்டிப் போடுவதுதான். வேறு விதை தேடுவது நல்லது.

பதர் கழிக்க உப்புத் தண்ணீர்: 10 லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ. ஆனையிறவு உப்பே போதும். புதிய கோழிமுட்டை மிதந்தால் பதம் சரி. மேலே மிதப்பதை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். உப்பு நின்றால் முளைப்பு குறையும். காய்ந்த மண்ணில் போடும் புழுதி விதைப்பென்றால் நிழலில் உலர்த்தியே விதைக்க வேண்டும். எடை குறையாத நோய்மணி இதில் மிதக்காது என்பதையும் மனதில் வையுங்கள். அதற்கு விதைப் பரிகரணம், அதாவது விதைக்கு மருந்திடுவது, வேண்டும். மருந்தையும் அளவையும் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். செத்த முளையை எந்த மருந்தும் எழுப்பாது.

பூஞ்சணம் பிடித்துக் கழித்த நெல்லைக் கோழிக்கும் போடாதீர்கள். அதில் நஞ்சு இருக்கலாம்.