கப்பல் பட்டியலைத் தேட வேண்டாம்

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

மொரிசியசிலும் தென்னாபிரிக்காவின் நேட்டாலிலும் உள்ள நம்மவர்கள் பூட்டனைத் தேடினால், ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவு கிடைக்கும். தகப்பன் பெயர், ஊர், தாலுகா, உடம்பிலுள்ள தழும்பு வரை அதில் இருக்கும். இலங்கை மலையகத் தமிழரான நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இலங்கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் எழுதி வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு அவர் பின்னால் வந்தார்கள். தொண்டியிலும் பாம்பனிலும் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களை யார் பேர் எழுதினார்கள்?

நம் குடும்பங்கள் விரிவாகக் காகிதத்தில் ஏறியது பிரஜாவுரிமை பறிபோன பிறகுதான். இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்குப் பிரஜாவுரிமை வழங்குவதற்கான 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்ட் வரை குடும்பம் குடும்பமாக மனுப் போட்டார்கள். மணமானவர் 1939 ஜனவரி முதலும், மணமாகாதவர் 1936 ஜனவரி முதலும் இங்கேயே வசித்ததாகக் காட்ட வேண்டும். அதனால் எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் இருந்தார் என்ற விவரம் அந்தத் தாள்களில் கிடக்கிறது. மனு தள்ளுபடியாகியிருந்தாலும் நகலோ விசாரணைக் கடிதமோ வீட்டு ட்ரங்குப் பெட்டியில் மடிந்து கிடக்கலாம். முதலில் அதை எடுங்கள். மடிப்பை வலிந்து பிரிக்க வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். படம் பிடித்து வையுங்கள். வந்த வருஷத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சட்டம் கேட்ட தேதிக்குப் பொருந்தும்படி சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போனவர்களுக்குக் குடும்ப அட்டை உண்டு. நம்மிடம் இல்லாத தாள் கோத்தகிரியிலோ கூடலூரிலோ சித்தப்பா வீட்டுப் பரணில் இருக்கலாம்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தாய் தகப்பன் பெயரோடு வாசித்து முடித்துவிடாதீர்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருஷம், இடம் எழுத அதில் ஒரு கூடு, அதாவது கட்டம், உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளி கேட்டதன் விளைவு அது. பலருக்கு அது வெறுமையாக இருக்கும். நிரப்பியிருந்தால் ஒரு தலைமுறை இலவசம்!

பெயர்தான் பெரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறுகிறது. ஒரே தோட்ட டிவிஷனில் மூன்று கருப்பையா இருப்பார்கள். மனைவி பெயர், கங்காணி பெயர், செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) நம்பர், இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் நம் ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலப் பதிவில் 'கே' எழுத்தில் இல்லாதவர் 'சி' எழுத்தில் 'காரூப்பன்' என்று இருப்பார். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள். அங்கே ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும்.

ஊர் பெயர் கிடைத்தாலும் மாவட்டம் இடறும். புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம், 1974-இல்தான் தனி மாவட்டம். 'ராமநாதபுரம் ஜில்லா' என்றிருந்தால் சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமும் தேடுங்கள், 1985-இல்தான் பிரிந்தன.

ஊரே தெரியாதவர்கள் குலதெய்வத்தைக் கேளுங்கள், அதுவும் குடும்பத்தில் மூத்த பெண்களிடம். அய்யனார் என்று மட்டும் சொன்னால் போதாது. கூட எந்தெந்தச் சாமி, எந்தச் சாமிக்குக் கிடாய், யார் பூசாரி என்று கேளுங்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் மாசி மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் கோயிலில் கூடுவார்கள். போவதென்றால் அன்றைக்குப் போங்கள். கோயில் வரி நோட்டு இருந்தால் கேட்டுப் பாருங்கள். நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.