பிள்ளையின் காசு வேறு, அம்மாவின் காசு வேறு

(இலங்கையின் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, தம்பிமாரே, கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு தங்கச்சி ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை. கலியாணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, நீதிமன்றத்தில் காசு வாங்கிய துண்டுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பில் கிழிந்த இடங்களையெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். நல்ல மனிதர் ஒருவர் கேட்டு வந்து இரண்டு வருடமாகிறதாம். "இன்னொரு கலியாணம் முடித்தால் பிள்ளையின் காசு நின்றுவிடும் என்று லயத்து வீடுகளில் சொல்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டாள்.

நிற்காது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், அதாவது வாழ்க்கைச் செலவுக்குக் காசு கொடுப்பது பற்றிய சட்டம், பிள்ளையைப் பார்க்கும் கடமையைப் பெற்றவர்கள் தலையில்தான் வைத்திருக்கிறது. அம்மா யாரைக் கட்டினாலும் அப்பா அப்பாதான். 18 வயது தாண்டியும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை 25 வயது வரை கேட்கலாம். லயத்துச் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாது.

அம்மாவின் காசு கதை வேறு. விவாகரத்து வழங்கும்போது மாவட்ட நீதிமன்றம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை என்ற சட்டத்தின் 615ஆம் பிரிவின்கீழ் மாதாமாதமோ மொத்தமாகவோ பணம் கொடுக்கச் சொல்லலாம். அந்தக் கட்டளையைப் பிறகு கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் அதே பிரிவு இடம் தருகிறது. அவள் மறுமணம் செய்தால், பழைய கணவர் அதைக் காட்டி நிறுத்தும்படி கேட்கலாம். புதுக் கணவர் பார்க்கக் கடமைப்பட்டிருக்கும்போது, ஒரே அடுப்புக்கு இரண்டு வீட்டு விறகு கேட்பது கஷ்டம்தான்.

ஆனால் தம்பிமாரே, கலியாணச் செய்தி காதில் விழுந்த அன்றே காசை நிறுத்திவிடாதீர்கள். முதலில் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். "மறுமணம் வரை" என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒரு வழி. இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளையை மாற்றி வாங்க வேண்டும். அதுவரை பாக்கி ஏறிக்கொண்டேயிருக்கும். பிள்ளையின் காசையும் சேர்த்து நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தாபரிப்புப் பாக்கிக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். மொத்தமாகக் கொடுத்து முடித்த தொகையைத் திருப்பிக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

நீங்கள் மறுபடி கட்டினாலும் முதல் தாரத்துப் பிள்ளையின் பங்கு அழிந்துபோகாது. வருமானத்தையும் பொறுப்புகளையும் பார்த்துத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். தாபரிப்புச் சட்டம் கணவன், மனைவி என்று பிரித்துப் பேசுவதில்லை. வசதியுள்ள மனைவியிடம் வழியில்லாத கணவனும் தாபரிப்புக் கேட்கலாம். சிரிக்கிறீர்கள், ஆனால் சட்டம் அப்படித்தான்.

எனக்குப் பயமெல்லாம் வேறு இடத்தில். பெரியவர்கள் கூடி "அறுத்துவிட்டோம்" என்றால் நம் ஆட்களுக்கு அது விவாகரத்து. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட சிங்கள அயலவர்கள் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். நமக்கு அந்த வழி கிடையாது, மாவட்ட நீதிமன்றம்தான். அங்கே போகாமல் இன்னொருவரோடு குடித்தனம் நடத்தினால் சட்டப்படி நீங்கள் இன்னும் பழையவரின் மனைவி. பிறனோடு வாழ்கிறாள் என்று அவர் காட்டினால் உங்கள் தாபரிப்பு போகும். பிள்ளையுடையது போகாது. அதற்கு மேல் இரண்டாவது கலியாணத்தைப் பதிவும் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட.

நீதிமன்றம் போனவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் கிடைப்பது முதற்கட்டத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாக வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுமணம்.

அந்தத் தங்கச்சியின் பையிலிருந்த தாளை நான் இரண்டாம் தடவை படித்தது அதற்காகத்தான். தேதி இரண்டு வருடப் பழையது. ஆனால் முதற்கட்டத் தீர்ப்பு மட்டுமே இருந்தது. வழக்கு முடிந்துவிட்டதென்று நினைத்து அவள் அதன் பிறகு நீதிமன்றப் பக்கமே போகவில்லை. முகூர்த்தத் தேதி கேட்க வந்தவளை உட்காரவைத்து, வழக்கு இலக்கத்தை முதலில் எழுதிக்கொண்டேன்.