கூடம் கோணல்தான்

(திருகோணமலையில் எங்கள் லொறிச் சாரதிகள் நலன்புரிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் மறந்த ஒன்றிரண்டை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த குருக்கள் ஐயா அவர்களே, கிண்ணியாவிலிருந்து இந்த வெயிலிலும் வந்திருக்கும் மௌலவி அவர்களே, விகாராதிபதி தேரர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, நகரபிதா அவர்களே... நகரபிதா இன்னும் வந்து சேரவில்லையாம். சரி, வந்துகொண்டிருக்கும் நகரபிதா அவர்களே, முதல் வரிசையில் வீற்றிருக்கும் லொறி முதலாளிமாரே, கதிரை போதாமல் கதவோரம் நிற்கும் என் சாரதித் தம்பிமாரே, கிளீனர் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

பொன்னாடை போர்த்திய தம்பிக்கு நன்றி. 34 வருடம் லொறி ஓட்டிய என் தோளில் அதுவரை ஏறிய துணி ஒயில் துடைக்கிற துணிதான்.

எனக்குத் தந்த தலைப்பு, கம்பனி கொடுக்கிற லொறியைப் பற்றி அதை ஓட்டுகிறவன் என்ன நினைக்கிறான் என்பது. மூன்று விடயம் சொல்ல வந்தேன். ஒன்று வண்டி, இரண்டு சுமை, மூன்று ட்ரிப் காசு. ஆனால் இதையெல்லாம் நாங்கள் வாய் திறந்து சொன்னால் கந்தோரில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே இதைக் கேட்டேன். ஓய்வு பெற்ற நாளன்றும் கேட்டேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால், ஆடுகிறவள் அதை யாரிடம் சொல்வது?

முதலில் வண்டி. இந்தக் கூட்டத்துக்கென்று போன மாதம் சீனக்குடாவில் லோட் ஏற்றக் காத்து நின்ற சாரதிமாரோடு இருந்து கதைத்தேன். ஒற்றுமையே இல்லை! வயதானவர்களுக்குப் பழைய லேலண்ட்தான் உயிர். "அது கோபித்துக்கொண்டால் ஒரு ஸ்பானரோடு சமாதானம் பேசலாம் அண்ணே, புதுசு கோபித்தால் கொழும்பிலிருந்து லப்டொப் வரவேணும்" என்றார் மூதூர்க்காரர் ஒருவர். பக்கத்தில் நின்ற இளையவன் விடவில்லை. "பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் தம்புள்ளைச் சந்தைக்குள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு வந்து கதையுங்கோ" என்றான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. பழைய வண்டிகள் இவ்வளவு காலம் ஓடியதற்கு முதலாளிமாரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத் தட்டிக்கொட்டித்தான் எல்லோரும் ஓட்டினோம்.

ஆனால் சீற்றுக்கு வெளிநாட்டு இறக்குமதி தேவையா? நான் தொடங்கியது மூக்கு வைத்த பெட்போர்டில். என்ஜின் முன்னால் இருந்தது, சூடும் அங்கேயே போனது. பிறகு வந்த தட்டை முக வண்டிகளில் என்ஜினுக்கு மேலேதான் நாங்கள் இருக்கிறோம். ஏசி உள்ள வண்டியிலும் டீசல் மிச்சம் என்று பெல்ட்டைக் கழற்றி வைக்கிறார்கள். காற்றுப் பிரேக் வண்டியில் காற்றுத் தாங்கிக்குள் தண்ணீர் சேரும். அதை அடிக்கடி திறந்துவிடாவிட்டால் காற்றுக்கு இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும் திருகு இறுகிப்போய் ஸ்பானருக்கே அசையாத வண்டியை "நல்ல வண்டி, கொண்டு போ" என்று தந்திருக்கிறார்கள். தகுதிச் சான்றிதழ் எடுக்கும் நாளில் மட்டும் இரவல் ரயரில் மாப்பிள்ளை மாதிரி நிற்கும் லொறிகளும் எனக்குத் தெரியும். முதல் வரிசையில் யாரும் கோபிக்க வேண்டாம், பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஒரு கதை சொல்லட்டுமா? கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த ஒரு கம்பனி, பெயர் வேண்டாம். அங்கே எனக்குத் தந்த லொறிக்கு இரண்டு நோய். ஸ்டாட்டர் வேலை செய்யாது, அதனால் என்ஜினை நிறுத்தினால் நாலு பேர் தள்ள வேணும். இடப்பக்கக் கண்ணாடியும் என் பக்கக் கண்ணாடியும் பாதியில் இறுகி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்று தரம் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதினேன். மனேஜர் வாசித்துவிட்டு அந்தப் பழமொழியைத்தான் சொன்னார்.

ஒரு நாள் மனேஜருக்குத் தம்புள்ளையில் ஏதோ அலுவல். கார் இல்லை. என்னோடு ஏறிவிட்டார். பின்னால் மா மூட்டை, முன்னால் மனேஜர், அவர் மடியில் கந்தளாயில் வாங்கிய ஒரு சீப்புக் கதலிப்பழம். பொழுது பட்டுவிட்டது. கல்ஓயாச் சந்தி தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறோம், வீதி நடுவில் தனியன் யானை ஒன்று நிற்கிறது.

மனேஜர், "லைட்டை நூரு" என்றார். நூர்த்தேன். "என்ஜினை நிறுத்து" என்றார். "ஐயா, நிறுத்தினால் இறங்கித் தள்ள வேணும். நானும் கிளீனரும் இரண்டு பேர், நீங்கள் மூன்று. நாலாவது ஆள் அங்கே நிற்கிறவர்தான்" என்றேன். மனேஜருக்குப் பேச்சு நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, தனியன் காதை அசைக்கிறது. அப்படியே முக்கால் மணித்தியாலம். பிறகு அது ஆறுதலாக நடந்து வந்து, முன்கண்ணாடியை மோந்து, இடப்பக்கம் திரும்பி, அந்தப் பாதிக் கண்ணாடிக்கு மேலால் தும்பிக்கையை உள்ளே விட்டது. மனேஜரின் சேட்டுப் பையைத் தடவியது. அவர் எந்தக் கடவுளைக் கூப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன், எல்லாச் சமயத்தாரும் மேடையில் இருக்கிறார்கள். சீப்பை முழுதாக எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

ஹபரணை வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் மெல்லச் சொன்னேன், "ஐயா, கூடம் கொஞ்சம் கோணல்தானே?"

அடுத்த நாளே கராஜிலிருந்து ஆள் வந்து கண்ணாடியைத் திருத்தினான். இடப்பக்கக் கண்ணாடியை மட்டும்!

(இந்த இடத்தில் நகரபிதா அவர்கள் வந்து சேர்ந்தார். பூமாலை, படம் பிடித்தல் எல்லாம் நடந்தது. கதையைத் திரும்பச் சொல்லக் கேட்டார்கள், தலைவர் விடவில்லை.)

நகரபிதா அவர்களே, நல்ல நேரத்தில் வந்தீர்கள். நான் கேட்க நினைத்த விடயம் உங்களிடம்தான்.

இப்போது லொறிக்கெல்லாம் ஜீபிஎஸ் பூட்டியிருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கந்தோரிலிருந்து பார்க்கலாம். ஓட்டினவன் எங்கே படுத்தான், எங்கே மலசலம் கழித்தான் என்று அந்தத் திரையில் தெரியாது. சீமெந்துக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் வெளியூர் லொறிகள் சீனக்குடாவுக்கு வந்து வரிசையில் நிற்கின்றன. இரவானால் ஒருவன் சீற்றில் முடங்குகிறான், ஒருவன் லொறிக்குக் கீழே பாய் விரிக்கிறான், கிளீனர் பிள்ளை தறப்பாளுக்கு மேலே. மூத்திரத்தை அடக்கி அடக்கி ஓட்டி நாற்பது வயதில் நோயாளியான சாரதிகளை எனக்குத் தெரியும். தம்பிமாரிடம் லொறியில் என்ன குறை என்று கேட்கப் போனேன். சீற், பிரேக், ரயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒருவன் கேட்டான், "அண்ணே, குளிக்க ஒரு கிணறு இருந்தால் காட்டுங்கோ." என் தலைப்பு அதோடு மாறிவிட்டது.

எங்களுக்கு ஒரு தரிப்பிடம் வேண்டும். வீதியோரத்தில் ஒரு துண்டு அரச காணி, இருபது லொறி நிற்கக் கூடியது போதும். நாலு கழிவறை, ஒரு தண்ணீர்த் தாங்கி, நாலு வேப்பமரம். மரத்தை நாங்களே நடுகிறோம். கூரை போட முதலாளிமார் தகரம் தரலாம். முதல் வரிசையில் யாரோ தலையாட்டினார்கள், பார்த்தேன், குறித்துக்கொண்டேன்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சுமையும் ட்ரிப் காசும் அடுத்த வருடம், உயிரோடு இருந்தால். மனு கதவடியில் மேசையில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறோம். சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். போன வருடம் மூன்று பேனை காணாமல் போனது, இந்த முறை நூலில் கட்டியிருக்கிறேன்.