ஒரே நடிகர்கள், ஒரே நேரம், ரெண்டு மேடை!

வணக்கம் மக்களே! வந்துருச்சு, வந்துருச்சு! ‘ஹவுஸ் அண்ட் கார்டன்’ நாடகப் புக்கு. பார்சல் எங்க இருக்குன்னு போன வீடியோ முழுக்கப் புலம்புனேன்ல, அதேதான். பழைய புக்கு, விலை 380 ரூபா. ஷிப்பிங் எவ்ளோ தெரியுமா? 1,450! அவ்ளோ வாங்கிட்டு அட்டை முனைய மடக்கி அனுப்பிருக்காங்க, இந்தா, தெரியுதா? ஒரு கார்ட்போர்டு துண்டு வச்சா என்ன குறைஞ்சிரும்? எரிச்சலா வருது. சரி, விஷயத்துக்கு வரேன்.

இத எழுதுனவர் ஆலன் ஏக்போர்ன். நாடகம் எழுதுறதும் அவரே, இயக்குறதும் அவரே. 1999ல இங்கிலாந்துல, ஸ்கார்பரோங்கற கடலோர ஊர்ல இதப் போட்டார். ஒரு நாடகம் வீட்டுக்குள்ள, இன்னொண்ணு தோட்டத்துல. ஒரே கட்டடத்துல ரெண்டு அரங்கம், ஒரே நேரம், அதே நடிகர்கள்! வீட்டுலேர்ந்து தோட்டத்துக்குக் கிளம்புற ஆளு நிஜமாவே ஓடிப்போய் அடுத்த மேடையில நுழையணும். இங்க ஜனம் ஜாஸ்தி சிரிச்சு சீன் இழுத்துச்சுன்னா, அங்க ஆளு வரல. முடிஞ்சுது கதை!

இத மேடைக்குப் பின்னாடி நின்னு வேலை பாத்தவரால மட்டும்தான் எழுத முடியும். 17 வயசுல படிப்ப விட்டு நாடகக் கம்பெனியில சேந்தவருங்க. 1957ல ஸ்கார்பரோ வந்தார். 1972லேர்ந்து 2009 வரைக்கும் அந்த ஊர் நாடக அரங்கத்தையே நடத்துனார்.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். அவர் எழுத ஆரம்பிச்சது எப்படின்னா, நடிகரா இருந்தப்ப நல்ல வேஷம் இல்லன்னு குறைபட்டிருக்கார். இயக்குநர் ஸ்டீபன் ஜோசஃப், “அப்ப நீயே எழுது”ங்கற மாதிரி சொல்லிட்டார். 1959ல ‘தி ஸ்கொயர் கேட்’ வந்துச்சு, ரோலண்ட் ஆலன்ங்கற புனைபேர்ல. இப்ப அந்த அரங்கத்துக்கே ஸ்டீபன் ஜோசஃப் பேருதான். முன்னாடி ஓடியன் சினிமா தியேட்டரா இருந்த இடம்.

இவர ‘சும்மா காமெடி எழுதறவர்’னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். இந்த ‘ஹவுஸ் அண்ட் கார்டன்’ல டிரிஷ்னு ஒரு மனைவி. துரோகம் பண்ண புருஷன் டெடி எதிர்ல நின்னு பேசுறான், அவளுக்கு அந்த எடத்துல ஆளே இல்லாத மாதிரி! ஒரு வார்த்தை திட்டல. சண்டை போட்டிருந்தா கூட இவ்ளோ வலிச்சிருக்காது. 1985ல வந்த இவரோட ‘உமன் இன் மைண்ட்’ நாடகம் படிச்சவங்களுக்கு இது புரியும்.

எத முதல்ல படிக்கறதுன்னு கேப்பீங்க. எது வேணா, தனித்தனியாவே நிக்கும். நான் ரெண்டையும் சேத்துதான் படிக்கறேன். வீட்டுலேர்ந்து ஒருத்தர் வெளிய போற பக்கத்துல மஞ்சச் சீட்டு, அவரே தோட்டத்துல நுழையற பக்கத்துல இன்னொண்ணு. டெடிக்குத்தான் இதுவரைக்கும் ஒட்டிருக்கேன். மத்தவங்களுக்கும் ஒட்டிட்டு போட்டோ போடறேன்.