ஒரே கிராமம், பன்னிரண்டு நாவல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் ஊட்டியில் சாரல் பிடித்துக்கொண்டால், பட்டப்பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். அந்த மாதிரி நாட்களுக்கு வாகான ஒரு துப்பறியும் கதை வகை உண்டு. ‘கோஸி மிஸ்டரி’ என்பார்கள். சின்ன ஊர், தெரிந்த முகங்கள். கொலை நடக்கும்; ரத்தம் நம் கண்ணில் படாது. துப்புத் துலக்குவதும் போலீஸ்காரர் இல்லை, ஊரில் இருக்கும் ஒருவர்.

இதில் ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வரிசையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ப்பிள், கல்யாணம் ஆகாத, துப்புத் துலக்கும் ஒரு கிராமத்துப் பாட்டியம்மா. 1930-லிருந்து 1976 வரை 12 நாவல்கள். பன்னிரண்டையும் வரிசையாக எடுத்துப் படிக்க உட்காருகிறவர்கள் பாதியில் சலித்துப்போகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மார்ப்பிள் குடியிருக்கும் செயிண்ட் மேரி மீட் என்ற கற்பனை இங்கிலாந்துக் கிராமத்துக்காகத்தான் நாம் திரும்பத் திரும்ப வருகிறோம். ஆனால் கதை அங்கேயே நடப்பது கொஞ்சம்தான். ஒரு கிராமத்தில் எத்தனை பேரைத்தான் கொல்ல முடியும்? அதனால் 1964-ல் மார்ப்பிள் மேற்கிந்தியத் தீவுக்குப் போகிறார், 1965-ல் லண்டன் ஓட்டலுக்கு. ‘தி மூவிங் ஃபிங்கர்’ நாவலில் பாதி தாண்டிய பிறகுதான் தலையே காட்டுகிறார். அந்த ஊர் இல்லாமல் போனால் புதிர் மட்டும் மிஞ்சும். வெறும் புதிர், மழைக்குத் துணையாகாது.

‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’, 1950. இதுவும் செயிண்ட் மேரி மீட் அல்ல, பக்கத்துச் சீமை மாதிரி இன்னொரு கிராமம். ஆனாலும் முதலில் படிக்க வேண்டியது இதுதான். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இன்னார் வீட்டில் கொலை நடக்கும், நண்பர்கள் வரவும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேருகிறார்கள். வருகிறவர்களெல்லாம், “அட, அதற்குள் ஹீட்டிங் போட்டுவிட்டீர்களா!” என்கிறார்கள். யுத்தம் முடிந்து எரிபொருளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். விறகையும் கரியையும் கணக்குப் பார்த்து எரிக்கும் மலைக்காரர்களுக்கு இந்த வரி உடனே பிடிபடும். சும்மா வந்த பேச்சு என்று அதைத் தாண்டிவிடாதீர்கள்.

அதே நாவலில் மார்ப்பிள் ஒன்று சொல்கிறார்: முன்பெல்லாம் ஊரில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது வந்து குடியேறுகிறவர்களைப் பற்றி அவர்களே சொல்வதுதான் நமக்குத் தெரியும். பங்களாக்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருந்து படித்தால் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசிக்கத் தோன்றும்.

நம் தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு வேறு கணக்கு. சாம்பு குருட்டாம்போக்கில் ஜெயிப்பது, விகடனில் இடைவெளி விட்டு வந்தபோது ஒவ்வொரு தடவையும் புதிதாக இருந்தது. புத்தகமாக்கிப் பத்துக் கதையை ஒரே மூச்சில் படித்தால் தையல் தெரிந்துவிடும். ராத்திரிக்கு ஒன்று, அவ்வளவுதான்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், படிக்காமல். மலை ஈரத்தில் முதுகுப் பசை விட்டுப்போய், முதலில் உதிர்வது அந்தப் பக்கங்கள்தான். முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் உறவும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முடிவில் அவிழும் முடிச்சு நமக்கு அவிழாது.

மார்ப்பிள் வரிசையில் அடுத்ததாக ‘தி பாடி இன் தி லைப்ரரி’, 1942. அதைத் தொட்டு ‘தி மிரர் கிராக்டு’, 1962. இரண்டிலும் காசிங்டன் ஹால் என்ற அதே வீடு. முதலாவதில் கர்னல் பேன்ட்ரி தம்பதி அங்கே வாழ்கிறார்கள். இரண்டாவதில் கர்னல் இல்லை. வீட்டை ஒரு சினிமா நடிகை வாங்கியிருக்கிறார், ஊர் ஓரத்தில் புதுக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. இருபது வருஷ இடைவெளியை இப்படி அடுத்தடுத்துப் படிக்கும் சுகம் தனி நாவல் எதிலும் கிடைக்காது.

கடைசியாக அச்சேறிய ‘ஸ்லீப்பிங் மர்டர்’ 1976-ல் வந்தாலும், கிறிஸ்டி அதை யுத்த காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார். அதில் கர்னல் பேன்ட்ரி உயிரோடு இருக்கிறார். ஆகவே அதைக் கடைசிக்கு வைக்காமல், இந்த இரண்டு நாவலுக்கும் முன்பே படித்துவிடுங்கள்.