லைசோசோம் ஜீன்களுக்கு ஒரே சுவிட்ச்

[திரையில்: ஒரு தசை செல். உள்ளே சின்னப் பைகள் ஒவ்வொன்றாக உப்புகின்றன]

இந்தப் பைகளுக்குப் பேர் லைசோசோம். செல்லோட கழிவை என்சைம்கள் உடைக்கிற இடம். அதுல ஒரு என்சைம் பிறவியிலேயே இல்லேன்னா, அது உடைக்க வேண்டிய பொருள் அப்படியே தேங்கிடும். பொம்பே நோயில தேங்குறது கிளைக்கோஜன், அதாவது செல் சேமிச்சு வைக்கிற சர்க்கரை. (ஊர் பேர் இல்லீங்க, 1932-ல இந்த நோயை விவரிச்ச டச்சு டாக்டர் பேர்.) தசை தளரும், பச்சைக் குழந்தைகளுக்கு இதயமே வீங்கும்.

2006-லிருந்து அந்த என்சைமை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தக்குழாய் வழியா ஏத்துறாங்க. ஆனா கை கால் தசைக்குள்ள அது போதுமான அளவு போய்ச் சேர்றதில்ல.

[திரையில்: பத்து எழுத்துகள், ஒவ்வொன்றாக]

2009-ல இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துல ஆண்ட்ரியா பல்லாபியோ குழு வேற பக்கம் பார்த்தாங்க. லைசோசோம் ஜீன்களுக்கு முன்னாடி இருக்கிற டிஎன்ஏ துண்டுகளை வரிசையா வெச்சுப் பார்த்தா, பலதுலயும் ஒரே பத்தெழுத்து: ஜிடிசிஏசிஜிடிஜிஏசி. நம்ம 'விகடகவி' மாதிரிதான், ஆனா திருப்பிப் படிக்க எதிர் இழைக்குப் போகணும். அங்க வந்து உக்கார்ற புரதம் டிஎஃப்இபி. அது உக்கார்ந்தா அந்த ஜீன்கள் எல்லாம் மொத்தமா வேகமெடுக்கும், அதாவது செல் அதுங்களை அதிகமாப் படிக்கும். அப்போ நோய்க்கும் இதையே மருந்தாக்கலாமே?

"கெட்டுப்போன ஜீனைப் பத்து மடங்கு படிச்சா, பத்து மடங்கு கெட்ட என்சைம்தானே வரும்?" நியாயமான கேள்வி. எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு.

[திரையில்: பைகள் செல்லின் ஓரத்துக்கு நகர்கின்றன]

2013-ல பொம்பே நோய் உள்ள எலிகளோட தசையில டிஎஃப்இபி-யைக் கூட்டினாங்க. என்சைம் வரல. கிளைக்கோஜன் மட்டும் குறைஞ்சுது. எப்படின்னா, லைசோசோம்கள் செல்லோட ஓரத்துக்குப் போய், உள்ள இருந்ததை வெளிய கொட்டிடுச்சு. அரைக்கிற மெஷின் இன்னும் ரிப்பேர்தான், ஆனா மூட்டையைத் தெருவுல இறக்கி வெச்சாச்சு.

அப்போ எல்லா நோயாளிக்கும் இதைக் கூட்டிவிட்டுடலாமா? முடியாது. சில சிறுநீரகப் புற்றுநோய்கள்ல இதே டிஎஃப்இபி ஜீன் இடம் மாறி ஒட்டிக்கிட்டு, அளவில்லாம வேலை செய்யுது.

சாதாரணமா, சாப்பாடு நிறைய இருக்கும்போது எம்டோர் என்கிற என்சைம் டிஎஃப்இபி மேல ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தி, உட்கருவுக்கு வெளியவே நிறுத்தி வெச்சிருக்கும். செல் பட்டினி கிடந்தா முத்திரை கழலும், டிஎஃப்இபி உள்ள போகும். அந்த முத்திரையைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மருந்தால கழட்ட முடியுமான்னுதான் இப்போ ஆய்வுக்கூடங்கள்ல தேடுறாங்க.